தட்டத்தில் வடித்த ஒயில்

எனக்கு எண்ணெய் என்றால் நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய். எது கையில் பட்டாலும் காலில் துடைத்துக்கொண்டு போகலாம். வாகனத்துக்குள் ஊற்றுவதை நான் எண்ணெய் என்று சொல்வதில்லை. அது ஒயில். புதிதாகப் போத்தலுக்குள் இருக்கும்போது தேன் நிறத்தில் நல்ல பிள்ளை மாதிரித்தான் இருக்கும். ஓட்டோவின் வயிற்றுக்குள் சில மாதம் கிடந்துவிட்டு வெளியே வரும்போது பார்க்கவேண்டும். கரி கரைத்த சளி. கருகிய ரப்பரையும் ஊத்தைச் சீலையையும் ஒரு பானையில் போட்டு அவித்த மணம். என் மருமகன் ஓட்டோ வாங்கிய நாளிலிருந்து அந்த மணம் என் முற்றத்துக்கு உறவுக்காரர் மாதிரி வந்து போகிறது.

எங்கள் வீடு திருகோணமலையில், உள்துறைமுகத்துப் பக்கம். வீட்டில் மூன்று பேர்தான். நான், என் மகள், மருமகன். நான் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் போனபிறகு தொடங்கியது, முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பின்னேரம் ஐந்தரைக்கு என் இடியப்பம் அங்கே போய்ச் சேரவேண்டும். மற்றக் கடைக்காரர்களும் கேட்டார்கள். ஒரு ஆளுடைய கை எவ்வளவுதான் பிழியும், ஏலாது என்று சொல்லிவிட்டேன். என் இடியப்பத்தில் ஒரு தலைமயிர் கண்டேன், ஒரு வண்டு கண்டேன் என்று சொன்ன ஆள் இந்த ஊரில் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஊரில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தால் அது அந்த இடியப்பத்தால் வந்தது.

மருமகனோடு நான் நேரே கதைப்பதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மாமிக்கும் மருமகனுக்கும் நடுவில் ஒரு மரியாதை இருக்கவேண்டும் என்று நடந்துவந்த குடும்பம். இப்போது எல்லாரும் அதை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை, அவரும் விடச் சொல்லிக் கேட்கவில்லை. சொல்லவேண்டியதை மகளிடம் சொல்வேன். அவர் இரண்டு முழம் தள்ளி நிற்பார், எல்லாம் காதில் விழும், ஆனாலும் மகள் ஒருமுறை திருப்பிச் சொன்னபிறகுதான் பதில் வரும். அந்தப் பதிலும் மகளிடம்தான் வரும். பதினான்கு வருஷமாக இப்படி. வாய் நோவது மகளுக்குத்தான்.

ஓட்டோவின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று ஏறிப் போகிறவர்கள் யோசிப்பதில்லை. அவர்கள் இருக்கும் சீற்றுக்குப் பின்னால், கீழே, பெட்டிக்குள் பூனை மடங்கிக் கிடப்பது மாதிரிக் கிடக்கிறது. பழைய ஒயில் வெளியே வரும் நட்டு அதற்கும் அடியில். அதற்கும் நிலத்துக்கும் இடையில் என் ஒரு சாண் வராது. கராஜ் என்றால் கிடங்கு வெட்டி வைத்திருப்பார்கள், ஆள் இறங்கி நின்று தலைக்கு மேல் வேலை செய்யலாம். கிடங்கு இல்லாதவர்கள் ஓட்டோவை ஒரு பக்கமாகச் சரித்துப் பழைய ரயரில் சாத்திவிடுவார்கள். மருமகன் இரண்டுக்கும் சம்மதிக்கமாட்டார். சரித்தால் பழையது முழுதும் வடியாமல் மூலையில் தங்கிவிடும், அதன்மேல் புதிதை ஊற்றினால் அளவு கூடிப் புகைக்கும் என்பார். கராஜைப் பற்றிக் கேட்டால், "அவங்கள் ஒருத்தன்ரை பழசை வடிச்சு மற்றவனுக்கு ஊத்துவாங்கள்" என்று மகளிடம் சொல்வார். ஆகவே என் முற்றம்.

மூன்று சில்லையும் மூன்று சீமெந்துக் கல்லில் ஏற்றுவார். முதலில் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்குவார், சூடானால்தான் ஒயில் இளகி வடியுமாம். பிறகு உரப்பையை விரித்து மல்லாக்கப் படுத்து, தலையைச் சரித்து, கன்னம் மண்ணில் தேய வலது கையை உள்ளே விடுவார். கண்ணால் பார்க்க வழி இல்லை. புகைக்குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் கை நுழையும் இடம் ஒன்று இருக்கிறது, அதற்குள் கையும் ஸ்பானரும் சேர்ந்து போகவேண்டும். நட்டு விரலால் தடவித்தான் தெரியும். கழன்றதும் சூடான ஒயில் விரலில் கொட்டி, மணிக்கட்டில் ஓடி, முழங்கையில் நின்று, அக்குளுக்குள் போகும். நட்டும் கைதவறி ஒயிலுக்குள் விழும். அதைத் தேடி அந்தக் கரிச்சளிக்குள் கையை விட்டுத் துழாவுவார். ஒருமுறை பார்த்தேன். அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு அவர் உரப்பையை விரித்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிடுவேன்.

இந்த வருஷம் மழைக்கு முந்தி ஒரு நாள், அப்படித்தான் திருப்பிக்கொண்டு இருந்தேன். மத்தியானம் தாண்டிய நேரம். மகள் தேங்காய் வாங்கப் போய்விட்டாள். நான் மா அரித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஸ்பானர் கல்லில் விழுந்த சத்தம் கேட்டது. 'ஸ்ஸ்' என்று பல்லுக்குள்ளால் காற்று இழுத்த சத்தம் கேட்டது. பிறகு யாரோ ஓடுகிற மாதிரிக் கேட்டது. கை சுட்டிருக்கும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே மாவை அரித்தேன்.

மகள் வந்தபோது முற்றம் முழுக்க நாறிக்கொண்டிருந்தது. மருமகன் வடித்த ஒயிலைத் துணியில் தொட்டு வேலிக்கட்டைகளுக்குப் பூசிக்கொண்டு நின்றார், கறையான் ஏறாதாம்.

"பிள்ளை, அந்தக் கையோடை கிணத்துக் கயித்தைத் தொட்டவரோ எண்டு கேள்" என்றேன்.

"இஞ்சேருங்கோ, கயித்தைத் தொட்டனீங்களோ?"

"இல்லை எண்டு சொல்லு."

"இல்லையாம் அம்மா."

"பின்னை என்னத்திலை கழுவினவராம்?"

"வாளித் தண்ணியிலை எண்டு சொல்லு."

"வாளித் தண்ணியாம்."

"அந்த வாளியை இனி ஆர் தொடுறது? எனக்கெண்டா வேண்டாம். அதிலையே அவரைக் குளிக்கச் சொல்லு."

மகள் அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. மருமகன் வேலியைப் பார்த்துச் சிரித்தார் என்று தோள் ஆடியதில் தெரிந்தது.

அன்றைக்கு வெயிலும் பொல்லாத வெயில். பூசிய கட்டைகள் காய்ந்து இன்னும் நாறின. நான் இடியப்பம் பிழிந்து அவித்து, சூட்டோடு தட்டங்களில் கவிழ்த்து ஆறவைத்தேன். பெரிய அலுமினியத் தட்டம் மூன்று இருக்கிறது எனக்கு, விளிம்பு நாலு விரல்கூட உயராது, அப்படி இருந்தால்தான் ஆவி நின்று நீர்க்காது. தட்டத்தில் கவிழ்க்கும்போது ஒயில் மணம் முகத்தில் அடித்தது. "பிள்ளை, மணம் குசினிக்குள்ளையும் வந்திட்டுது" என்று மகளிடம் சொல்லி யன்னலைச் சாத்தச் சொன்னேன். மத்தியானத்திலிருந்து என் மூக்கு அதிலேயே ஊறிப்போயிருந்தது. வெளியே இருந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். யார்தான் வேறு மாதிரி நினைப்பார்கள்?

ஐந்து மணிக்கு இடியப்பத்தைப் பெட்டியில் அடுக்கி, வெள்ளைத் துணியால் மூடிக் கொடுத்தேன். மருமகன் கொண்டுபோனார். நான் தட்டங்களைக் கழுவத் தொடங்கினேன். இரண்டு தட்டம் கழுவினேன், தண்ணீர் மா நிறமாக ஓடியது. மூன்றாவதில் வெந்நீர் ஊற்றினேன். மேலே ஒரு படலம் எழும்பியது. பச்சை, ஊதா, மஞ்சள். இறங்குதுறையடியில் வள்ளங்கள் கட்டுகிற இடத்தில் கடல்மேல் மிதக்குமே, அதே நிறம். விரலை விட்டுத் தேய்த்தேன், வழுக்கியது. விளிம்பு மடிந்த மடிப்புக்குள் நகத்தை விட்டுக் கீறினேன். கறுப்பாக வந்தது.

தட்டத்தைப் போட்டுவிட்டுக் கிணற்றடியில் குந்தி இருந்துவிட்டேன். முப்பது வருஷமாக நான் மா அரிக்கும்போது இருமல் வந்தால்கூட எழுந்து வெளியே போய் இருமிவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறவள். அந்தக் கரிச்சளியை என் கையாலேயே துணி மூடி அனுப்பியிருக்கிறேன்.

மகள் போன் எடுத்தாள். ஓடும்போது அவர் எடுக்கமாட்டார். கால்மணி நேரத்தில் ஓட்டோ திரும்பி வந்தது. நான் தட்டத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"பிள்ளை, இதிலை என்ன செய்தவர் எண்டு கேள்."

மகள் கேட்கத் தேவை வரவில்லை. அவருடைய முகம் சொன்னது. "மூண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினனான் எண்டு சொல்லு" என்றார், மெதுவாக.

நான் மகளிடம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. ஓட்டோவில் ஏறி இருந்தேன். "கடைக்கு விடச் சொல்லு." மகள் நைற்றியோடு நின்றாள், உடுப்பு மாற்றிக்கொண்டு வர நேரம் இல்லை. அப்படித்தான் நானும் மருமகனும் தனியாக, நடுவில் ஆள் இல்லாமல், முதன்முதல் ஒரு வாகனத்தில் போனோம்.

பாதித் தூரம்வரை எஞ்சின்தான் கதைத்தது. புது ஒயிலில் நல்ல குளிர்ச்சியாக ஓடுகிறது என்பது எனக்கே கேட்டது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"மாமி" என்றார்.

நான் வெளியே பார்த்தேன், வேறு யாரையோ கூப்பிடுகிறாரோ என்று.

"மாமி, நான் வடிக்கிற, பாதியா வெட்டின பெயின்ற் வாளி அடி வெடிச்சிருந்தது. நட்டைக் கழட்டின பிறகுதான் கண்டனான். நட்டுக் கழண்ட ஓட்டையை விரலாலை பொத்திக்கொண்டு கிடந்தனான். ஒயில் நெருப்பு மாதிரிச் சுட்டுது. திருப்பி நட்டை விரலாலை முறுக்கிப்போட்டுத் தட்டம் எடுக்கக் குசினிக்கு ஓடினனான். அவளும் வீட்டிலை இல்லை. நீங்கள் அங்காலை திரும்பிக்கொண்டு இருந்தனீங்கள்."

"கூப்பிட்டிருக்கலாமே தம்பி" என்றேன். என் வாய் என்னைக் கேளாமல் திறந்துவிட்டது.

"எப்பிடிக் கூப்பிடுறது?"

நான் முன்சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"தட்டந்தான் உயரம் இல்லாமல் பதிவு. வேறை ஒண்டும் கையோடை சேந்து அடியிலை போகாது" என்றார். "அதோடை வெள்ளைத் தட்டம் எண்டா, ஒயிலுக்குள்ளை இரும்புத் தூள் இருந்தா மினுங்கும். எஞ்சின் தேயுதோ எண்டு பாக்கலாம். கறுத்த வாளியிலை அது தெரியாது."

"தேஞ்சிருந்ததோ?"

"இல்லை மாமி. நல்லா இருக்கு."

"அது நல்லா இருக்கட்டும்."

கடைக்குக் கிட்ட வந்ததும் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மாமி, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவம். மா புளிச்சுப்போச்சு எண்டு சொல்லுவம். ஒயில் எண்டு சொன்னா அந்த ஆள் இனி உங்களிட்டை எடுக்கமாட்டார்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்தக் கடை போனால் என் கைக்கு வேலை இல்லை. இந்த வயதில் வேறு கடை தேடிப் போய், 'நான் நல்லா அவிப்பேன்' என்று நானே என்னைச் சொல்லி நிற்க என்னால் ஏலாது. ஆனால் என் மா புளித்தது என்று என் வாயால் சொல்வதா? என் மா ஒருநாளும் புளிக்காது. நான் இறங்கி நடந்தேன்.

கடை நிறைய ஆட்கள். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தவர்கள். எல்லாருக்கும் முன்னால் என் இடியப்பம், சொதி, சம்பல். கடைக்காரர் கிண்ணியாக்காரர், குடாவுக்கு அங்காலிருந்து பாலம் வந்தபிறகு இங்கே வந்து கடை போட்டவர். என்னை அக்கா என்பார்.

"என்னக்கா, நீங்களே வந்தீக்கீங்க? வாங்க, இரிங்க."

"தம்பி, என்ரை இடியப்பத்தை ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம்."

"ஏன்? பாதிக்கு மேல முடிஞ்சிட்டே."

பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து மணந்து பார்த்தேன். துறைமுகக் காற்றில் வந்தபிறகு என் மூக்குத் தெளிந்திருந்தது. இருந்தது. பெரிதாக இல்லை, முதலில் தேங்காய் மணம் வந்து, கடைசியில், மூக்கை எடுக்கும்போது, இருந்தது.

மூலையில் இருந்த ஒரு பெரிய ஆள், "ஆச்சி, ஏன் நிப்பாட்டுறீங்கள்? எனக்கு இன்னும் அஞ்சு வேணும்" என்றார்.

"அவருக்கு அஞ்சு காணாது ஆச்சி, பெட்டியோடை குடுங்கோ" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இடியப்பத்திலை ஓட்டோ ஒயில் பட்டிருக்கு" என்றேன். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "ஒயில் வடிச்ச தட்டத்திலை ஆறவைச்சது. எனக்குத் தெரியாமல் நடந்தது, ஆனா என்ரை கையாலை நடந்தது. சாப்பிடவேண்டாம்."

இரண்டு பேர் எழுந்து கை கழுவப் போனார்கள். ஒருவர் வாயில் இருந்ததைக் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் துப்பினார். அது சரி. அதை நான் மதிக்கிறேன். மூலையில் இருந்த பெரிய ஆள் மட்டும் தன் விரல்களை மூக்குக்குக் கொண்டுபோய் மணந்தார். நகத்துக்குள் எல்லாம் கறுப்பு.

"ஆச்சி, நாங்கள் முழுநாளும் கப்பல் எஞ்சினுக்குள்ளை கிடக்கிற ஆக்கள். இந்த மணம் இடியப்பத்திலை இருந்து வந்ததோ, என்ரை கையிலை இருந்து வந்ததோ, எனக்கெப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சொதியை இழுத்து ஊற்றிப் பிசைந்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

இடியப்பத்தில் ஒயில் பட்டதைவிட அதுதான் எனக்கு அதிகம் அருவருத்தது. அந்த வெள்ளைச் சொதி அந்த விரல்களுக்குள்ளால் வழிந்தது. மாவை மூன்று தரம் அரித்தேன், தேங்காய்ப்பூவில் ஒரு கறுப்புத் துணுக்கு இருந்தால் கிள்ளி எறிந்தேன், இவ்வளவு காலமும். ஒயிலோடு கொடுத்தாலும் இவர்கள் சாப்பிட்டிருப்பார்கள், "நல்லா இருக்கு ஆச்சி" என்றும் சொல்லியிருப்பார்கள். பிடுங்கலாம் என்று பெரிய ஆளின் கோப்பைக்குக் கையை நீட்டினேன். அவர் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டார், பிள்ளைகள் செய்கிற மாதிரி.

கடைக்காரர் என்னை அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "என்ட காதுக்குள்ள சொல்லியிருக்கலாமே அக்கா. நாளைக்கு ஊரெல்லாம் இந்தக் கதைதான் ஓடும்."

"திண்ட ஆக்களுக்குத் தெரியவேண்டாமோ?"

"தெரிஞ்சு? வயித்துக்குள்ள போனத எடுக்க ஏலுமா? உங்கட மனசு ஆறிட்டு, என்ட கடைதான் நாறிட்டு." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "நாளைக்குக் கொண்டுவராதீங்க. வேணுமெண்டா பிறகு நான் ஆள் அனுப்புறன்."

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெளியே கொட்டினால் எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்கள் வந்து தின்னும், அதுகள் என்ன பாவம் செய்தன. மருமகன் வீட்டுக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டார். நான் கிட்ட நின்று பார்த்தேன். "ஆழமாக வெட்டச் சொல்லு" என்று மகளிடம் சொன்னேன். வீட்டுக்குள் வந்ததும் எங்கள் கதை பழையபடி மகளுக்குள்ளால் போகத் தொடங்கிவிட்டது.

எட்டு நாள் நான் இடியப்ப உரலைத் தொடவில்லை. அந்தத் தட்டத்தை மருமகனுக்கே கொடுத்துவிட்டேன், அது இனிக் குசினி வாசலைத் தாண்டக்கூடாது. ஒயில் மாற்றுவது பின்வேலிக்கு அங்கால் என்று ஆகியது. மற்ற இரண்டு தட்டத்தையும் என் அறை அலுமாரிக்குள், சீலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். பிழியாமல் இருந்த கை பின்னேரம் மூன்று மணியானால் தானாக விறைத்தது. பெருமைக்குச் சொன்ன வாய் அந்த எட்டு நாளும் உப்பில்லாமல் கஞ்சி குடித்தது. சொன்னது பிழை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டோச் சத்தத்துக்கும் வாசல் படலையைப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் மருமகன் வந்து மகளிடம் சொன்னார்: "கடைக்காரர் சொல்லிவிட்டவர், இடியப்பத்தைக் கொண்டுவரட்டாம். ஆக்கள் வேறை இடியப்பத்தைத் தின்னுகினமில்லையாம். ஆனா மாமியும் கூட வரவேணுமாம்."

போனேன். அன்றைக்கு ஒவ்வொரு இடியப்பமாக நானே மணந்து பார்த்துத்தான் அடுக்கினேன். கடையில் பெட்டியை வைத்தேன். கடைக்காரர் துணியை விலக்கி, எல்லா ஆட்களும் பார்த்துக்கொண்டிருக்கக் குனிந்து, என் இடியப்பத்துக்குள் மூக்கை வைத்து மணந்தார். ஒருமுறை இல்லை. பெட்டியின் நாலு மூலையிலும். மூலையில் இருந்த பெரிய ஆள்கூடச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் என் சாப்பாட்டை யாரும் மணந்து பார்த்து எடுத்ததில்லை. துணியைப் பறித்து மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கை போனது. போன கையைச் சீலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டேன்.

"முடிஞ்சுதோ தம்பி?"

"முடிஞ்சு அக்கா. நல்லம்."

"நாளைக்கும் மணந்து பாருங்கோ."

"ஓம் அக்கா, பாக்கத்தான் வேணும். ஆக்கள் கேக்குறாங்க."

இப்போதும் ஒவ்வொரு பின்னேரமும் மணக்கிறார். நானும் ஒவ்வொரு பின்னேரமும் போய் முன்னால் நிற்கிறேன், அவர் மூச்சு என் இடியப்பத்தில் படுவதைப் பார்த்துக்கொண்டு. அவர் முடித்துத் தலையை ஆட்டும்வரை நான் முகத்தைத் திருப்புவதில்லை.